மரச்செக்குக் கடைக்கு கூகுள் டிஸ்கிரிப்ஷன்: 750 எழுத்துக்குள் எதை எழுதுவது, எதை விடுவது?

#1 – செக்கடி_காங்கேயம்

வணக்கம். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் போட ஒரு டிஸ்கிரிப்ஷன் எழுதியிருக்கிறேன். கடைப் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். படித்துவிட்டுத் தயங்காமல் வெட்டுங்க.

"எங்களிடம் பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட 100% சுத்தமான, இயற்கையான, கலப்படமற்ற, ஆர்கானிக் மரச்செக்கு எண்ணெய்கள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். சர்க்கரை நோய், இதய நோய், மூட்டு வலி வராமல் தடுக்கும். குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவருக்கும் ஏற்றது. தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் வெற்றி. ஒருமுறை வாங்கினால் மறுமுறை எங்களைத் தேடி வருவீர்கள். நேரில் வாரீர், ஆதரவு தாரீர். தொடர்புக்கு: (செல் நம்பர்)"

இதையே வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் போடலாமா?

#2 – எழுத்தாணி

கடைப் பெயரை எடுத்துவிட்டீர்கள். எடுத்த பிறகும் இந்தக் குறிப்பு தமிழ்நாட்டில் எந்த எண்ணெய்க் கடைக்கும் பொருந்துகிறது. கோளாறு அங்கேதான். பக்கத்துத் தெருக் கடைக்காரர் இதை அப்படியே தன் கடைக்கு ஒட்டிக்கொள்ள முடியும் என்றால் அதில் உங்கள் கடை இல்லை.

வரிவரியாகப் பார்த்தால், "எங்களிடம்" என்கிறீர்கள், எந்த ஊர் என்று இல்லை. "எண்ணெய்கள்" என்கிறீர்கள், எந்தெந்த எண்ணெய் என்று இல்லை. மொத்தக் குறிப்பிலும் நல்லெண்ணெய் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. நல்லெண்ணெய் தேடி வருகிறவர் உங்கள் கடையில் அது இருக்கிறதா என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தாரக மந்திரம், திருப்தியே வெற்றி, வாரீர் தாரீர் மூன்றையும் முழுதாக எடுத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி.

செல் நம்பரும் வேண்டாம். அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. நேரம், முகவரி, இணையதளம் எல்லாவற்றுக்கும் அப்படியே. இணைய முகவரியைக் குறிப்புக்குள் போடவே கூடாது என்பது கூகுளின் விதி. விலை, தள்ளுபடி, ஆஃபர் இவற்றை மையமாக வைத்து எழுதுவதும் விதிப்படி கூடாது. ஆகவே "மிகக் குறைந்த விலையில்" போகட்டும். விதி இல்லாவிட்டாலும் அது போக வேண்டிய வரிதான். மரச்செக்கு எண்ணெய் பாக்கெட் எண்ணெயைவிட விலை கூடுதல் என்று வாங்க வருகிற எல்லோருக்கும் தெரியும்.

#3 – நாலாம்_ஷரத்து

எழுத்தாணி நடையைத் திருத்துகிறார். நான் நோட்டீஸ் வராமல் இருக்க வேண்டியதைச் சொல்கிறேன். டிஸ்கிரிப்ஷன்தானே, லேபிள் இல்லையே என்று நினைக்க வேண்டாம். உணவுப் பொருளை விற்கத் தூண்டும் எழுத்து இணையத்தில் இருந்தாலும் விளம்பரம்தான்.

"சர்க்கரை நோய், இதய நோய், மூட்டு வலி வராமல் தடுக்கும்": முதலில் இதை அழியுங்கள். உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விளம்பரங்கள் பற்றிய 2018 விதிமுறைகள் தடுக்கின்றன. அது போதாதென்று 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டமும் இருக்கிறது. சர்க்கரை நோய் அதன் பட்டியலிலேயே இருக்கிறது.

"100%": லேபிளிலும் விளம்பரத்திலும் இந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 மே மாதம் அறிவுறுத்தியது.

"இயற்கையான, சுத்தமான, பாரம்பரிய": 2018 விதிகளில் இந்தச் சொற்களுக்கு நிபந்தனைகள் உண்டு. தலைமுறைகளாக மாறாமல் வந்த செய்முறை என்று காட்ட முடிந்தால்தான் பாரம்பரியம் என்று சொல்லலாம். செக்கு விஷயத்தில் வாதாட இடமிருக்கிறது. ஆனால் வாதாடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? "மரச்செக்கில் ஆட்டியது" என்று எழுதினால் அதே பொருள் வந்துவிடுகிறது, யாரும் கேள்வி கேட்க முடியாது.

"ஆர்கானிக்": இயற்கை வேளாண்மைக்கு அரசுத் திட்டங்கள் தரும் என்பிஓபி அல்லது பிஜிஎஸ்-இந்தியா சான்று இருக்கிறதா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். கொடுத்த விவசாயி "மருந்து அடிக்கலைங்க" என்று சொன்னது சான்று ஆகாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். "எஃப்எஸ்எஸ்ஏஐ தரச்சான்று பெற்றது" என்று பலர் எழுதுகிறார்கள். அந்த 14 இலக்க எண் தொழில் நடத்த வாங்கிய பதிவு அல்லது உரிமம். எண்ணெயைச் சோதித்துக் கொடுத்த தர முத்திரை அல்ல. எண்ணை எழுத விரும்பினால் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

#4 – விளம்பரப்பலகை

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? "எண்ணெய் விற்கிறோம்" என்று இரண்டு சொல்தான். வாங்குகிறவர் மனசால் வாங்குகிறார். பாட்டி சமையல், தாத்தா காலத்துச் செக்கு, அந்த வாசனை, இதெல்லாம் இல்லாமல் மரச்செக்கு எண்ணெயை எப்படி விற்பது? சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலையில் ரீஃபைண்ட் ஆயில் கிடைக்கும்போது உணர்வு இல்லாமல் இங்கே வருவார்களா?

#5 – எழுத்தாணி

வருகிறவர் ஏற்கனவே "செக்கு எண்ணெய்" என்று தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார். பாட்டி அவர் மனசில் முன்பே இருக்கிறார். இப்போது அவர் முன்னால் நாலு கடை. இதில் எதற்குப் போவது என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த நேரத்தில் நாலு கடையும் பாட்டியைப் பற்றியே பேசினால், படம் நன்றாக இருக்கிற கடைக்கோ பக்கத்தில் இருக்கிற கடைக்கோ போவார்.

வாசனை, தாத்தா எல்லாம் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே எழுதலாம். அங்கே 2,200 எழுத்து வரை இடம் இருக்கிறது. தாத்தா காலம் என்பது உண்மையானால் அதையும் ஆண்டாகவே எழுதுங்கள். "பல தலைமுறைகளாக" என்பது யாரும் எழுதக்கூடியது. தொடங்கிய ஆண்டை எழுதினால் உங்களுக்கு மட்டும் பொருந்தும்.

செக்கடி, உங்களிடம் தகவல் வேண்டும். இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள், அதிலிருந்து எழுதலாம்:

என்னென்ன எண்ணெய்? எந்த மரச் செக்கு, எத்தனை? கடையிலேயே ஓடுகிறதா, வேறு இடத்தில் ஆட்டிக் கொண்டுவந்து விற்கிறீர்களா? எள், கடலை, கொப்பரை எங்கே வாங்குவது? ஆட்டும்போது என்ன சேர்க்கிறீர்கள்? எப்படி வடிகட்டுகிறீர்கள்? என்ன அளவு பாட்டில்? கூலிக்கு ஆட்டுவது உண்டா, குறைந்தது எவ்வளவு? புண்ணாக்கு விற்பனை? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எதுவரை? போனில் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து, ஒரு வாரம் போனில் வரும் கேள்விகளைக் கேட்டவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள். குறிப்பில் எதற்கு இடம் தர வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

#6 – செக்கடி_காங்கேயம்

கடை சென்னிமலை ரோட்டில். வாகை மரச் செக்கு 2, மோட்டாரில் ஓடுவது, கடைக்குள்ளேயே. நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய். எள் பெரும்பாலும் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலத்தில். கொப்பரை இங்கேயே, கந்தகப் புகை போடாதது. கடலை சீசனுக்கு ஏற்ற மாதிரி, ஊர் மாறும். எள் ஆட்டும்போது கருப்பட்டி. எவர்சில்வர் பாத்திரத்தில் 3 நாள் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டுகிறோம். அரை, 1, 5 லிட்டர். கூலிக்கு ஆட்டுவோம், குறைந்தது 12 கிலோ, முந்தின நாளே சொல்லணும். புண்ணாக்கு உண்டு. ஊருக்குள் 5 லிட்டர் வாங்கினால் வீட்டுக்கே.

போனில் கேட்பது: "செக்கு அங்கேயே ஓடுதுங்களா", "நம்ம கடலையை ஆட்டித் தருவீங்களா", "எண்ணெய் ஏன் அடியில கலங்கலா இருக்கு".

#7 – கசடு

செக்குக்காரன் பார்வையில் ரெண்டு வார்த்தை.

"கலங்கலா இருக்கு" என்று போன் வருகிறதே, அதைக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். துணியில் வடிகட்டிய எண்ணெயில் பருப்பின் நுண்துகள் கொஞ்சம் இருக்கும். பாட்டில் நாலு நாள் ஆடாமல் நின்றால் அது அடியில் தங்கும். ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கிப் பழகியவர் அதைப் பார்த்தால் கலப்படம் என்று நினைத்து ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார். வாங்கும் முன்னே "அடியில் சிறிது கசடு தங்கலாம்" என்று படித்திருந்தால் அதே கசடு அவருக்கு அடையாளம். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதும் இப்படித்தான். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகும். அதற்குக் குறிப்பில் இடம் போதாது, லேபிளில் போடுங்கள்.

"குளிர்முறை", "கோல்டு பிரஸ்டு" என்று எழுதச் சொல்லி யாராவது வருவார்கள். இரும்பு ரோட்டரி இயந்திரத்தில் ஆட்டுகிறவரும் அதையே எழுதுகிறார். உங்களுடையது வாகை மரம், மெதுவாகச் சுற்றுவது. அதை எழுதினால் பார்த்துச் சரிபார்க்க முடியும்.

கருப்பட்டியையும் விட்டுவிட வேண்டாம். "எண்ணெய்ல இனிப்பு கலக்கறீங்களா" என்ற கேள்வி வரும். எள்ளிலிருந்து எண்ணெய் பிரிந்து வருவதற்காகச் சேர்ப்பது, பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும் என்று கடையில் இருப்பவர் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

#8 – எழுத்தாணி

சரி, இதோ:

"காங்கேயம் சென்னிமலை ரோட்டில் மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய் விற்கிறோம். வாகை மரச் செக்கு இரண்டு கடையிலேயே ஓடுகிறது. ஆட்டுவதை நின்று பார்க்கலாம். எள் சிவகிரி ஏலத்தில் வாங்குவது. ஆட்டும்போது கருப்பட்டி சேர்க்கிறோம். தேங்காய் எண்ணெய்க்குக் கந்தகப் புகை போடாத கொப்பரை மட்டும். எண்ணெயைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி நிரப்புகிறோம். அடியில் சிறிது கசடு தங்கலாம். அரை லிட்டர், 1 லிட்டர், 5 லிட்டர் அளவுகளில் கிடைக்கும். உங்கள் சொந்தக் கடலை, எள், கொப்பரையைக் கூலிக்கும் ஆட்டித் தருகிறோம்: குறைந்தது 12 கிலோ, முந்தின நாளே சொல்ல வேண்டும். கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கும் உண்டு. காங்கேயம் ஊருக்குள் 5 லிட்டருக்கு மேல் வீட்டுக்கே கொண்டு வந்து தருவோம்."

இது ஏறக்குறைய 690 எழுத்து. சொல் கணக்கில் 80தான் வருகிறது. இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்கள் ஏமாறுவார்கள். கணினி நம்மைப் போல எழுத்தை எண்ணுவதில்லை. மெய்யின் புள்ளியையும் கொம்பு, கால், சுழி போன்ற உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும். "மரச்செக்கு" நமக்கு 6 எழுத்து, அதற்கு 10. "நல்லெண்ணெய்" நமக்கு 6, அதற்கு 11. ஆகவே 750 என்றால் தமிழில் 80 முதல் 90 சொல் என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். நோட்டில் 150 சொல் எழுதிவிட்டுப் பிறகு வெட்டினால், வழக்கமாக வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் கூலி ஆட்டும் விவரமும் டெலிவரியும். வாடிக்கையாளர் தேடுவதோ அவற்றைத்தான்.

வரிசையையும் கவனியுங்கள். ஊர், பொருள், செக்கு மூன்றும் முதல் இரண்டு வாக்கியத்தில் இருக்கின்றன. கைபேசியில் முழுக் குறிப்பும் ஒரேயடியாகத் தெரியாது. தொட்டு விரித்தால்தான் மிச்சம் வரும். விரிக்காதவருக்கும் அந்த இரண்டு வாக்கியம் போய்ச் சேரும்.

#9 – நாலாம்_ஷரத்து

மூன்று திருத்தம்.

"எள் சிவகிரி ஏலத்தில் வாங்குவது" என்று அறுதியாகச் சொல்லக் கூடாது. அவரே "பெரும்பாலும்" என்றார். ஒரு சீசனில் வேறு ஊர் எள் வந்தால் அன்றைக்கு இந்த வரி பொய்யாகும். "பெரும்பாலும்" சேருங்கள். இப்போது 60 எழுத்து மிச்சம் இருக்கிறது.

"5 லிட்டருக்கு மேல்" என்றால் 5 லிட்டர் சேருமா சேராதா? "5 லிட்டர் முதல்" என்று எழுதுங்கள்.

அளவை எழுதும்போது லிட்டரா கிலோவா என்பதில் கவனம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். கடையில் பேச்சுவழக்கில் "ஒரு கிலோ எண்ணெய்" என்பார்கள். குறிப்பில் லிட்டர், லேபிளில் இரண்டும், பில்லில் கிலோ என்று இருந்தால் 90 கிராம் குறைவு என்ற புகார் நியாயமாகவே வரும். எங்கும் ஒரே அலகாக இருக்கட்டும்.

யாராவது "பாட்டில் கொண்டு வந்தால் ஊற்றித் தருகிறோம் என்று சேருங்கள், பிளாஸ்டிக் குறையும்" என்று சொல்லக்கூடும். சேர்க்க வேண்டாம். சமையல் எண்ணெயை அடைத்து முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது பொது விதி, மாநில அரசு விலக்கு தந்தால் தவிர. கூலிக்கு ஆட்டுவது வேறு. அங்கே பருப்பும் எண்ணெயும் வாடிக்கையாளருடையவை, நீங்கள் வாங்குவது வேலைக்கான கூலி. அதற்கு அவர் கேன் கொண்டுவரலாம்.

#10 – விளம்பரப்பலகை

படித்தேன். ஒப்புக்கொள்கிறேன், "ஆட்டுவதை நின்று பார்க்கலாம்" என்ற வரி என் தாத்தா வரியைவிட வேலை செய்கிறது. ஆனால் தேடலில் முன்னால் வர வேண்டாமா? "மரச்செக்கு எண்ணெய் காங்கேயம், செக்கு எண்ணெய் திருப்பூர், பெஸ்ட் செக்கு ஆயில் நியர் மீ" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் கூகுள் பிடித்துக்கொள்ளுமே. கடைப் பெயரோடும் "காங்கேயம் நம்பர் 1 மரச்செக்கு எண்ணெய்" என்று சேர்க்கலாம். எத்தனையோ பேர் செய்கிறார்கள்.

#11 – எழுத்தாணி

பெயரில் கை வைக்காதீர்கள். போர்டில், பில்லில், உரிமத்தில் என்ன பெயரோ அதுதான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. பெயரில் தேடுசொல்லைத் திணித்த புரொஃபைல்களை யார் வேண்டுமானாலும் "திருத்தம் பரிந்துரை" வழியாகப் புகார் செய்யலாம். செய்வது வழக்கமாகப் போட்டிக் கடைக்காரர்தான். முடக்கப்பட்டால் படமும் ரிவியூவும் சேர்ந்து மறையும். முறையீடு செய்து மீட்பதற்குள் ஒரு தீபாவளி சீசன் போய்விடும்.

உள்ளூர்த் தேடல் வரிசைக்குக் கூகுள் தானே சொல்லும் அடிப்படைகள் மூன்று: தேடியதோடு பொருத்தம், தூரம், பிரபலம். பொருத்தத்துக்குக் குறிப்பைவிட வகைத் தேர்வுதான் கனமானது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை. அங்கே "ஆயில்" என்று தட்டினால் பெட்ரோலிய நிறுவனம், வண்டிக்கு ஆயில் மாற்றும் கடை எல்லாம் பட்டியலில் வரும். அவசரத்தில் அதைத் தொட்டவர்களுக்கு என்ஜின் ஆயில் கேட்டுப் போன் வரும். உணவுப் பொருள் சார்ந்த வகைகளை மட்டும் எடுங்கள்.

தேடுசொல் வரி குறிப்பில் வேண்டாம். "நியர் மீ" என்று ஒரு கடை தன்னைப் பற்றி எழுதிக்கொள்வதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? மேலே உள்ள குறிப்பில் மரச்செக்கு, நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய், கொப்பரை, புண்ணாக்கு, காங்கேயம் எல்லாம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களுக்காக, "பொருட்கள்" பகுதியில் ஒவ்வொரு எண்ணெயின் பெயரையும் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டிலும் கொடுங்கள். விலையையும் அங்கேதான் போட வேண்டும். விலை மாறும்போது அங்கே மட்டும் மாற்றினால் போதும்.

குறிப்பையே பாதி தமிழ் பாதி ஆங்கிலமாக எழுதினால் இரண்டுக்கும் 40 சொல்தான் கிடைக்கும், இரண்டும் நொண்டும். வாடிக்கையாளர் பெரும்பாலும் எந்த மொழியோ அதில் முழுதாக எழுதுங்கள்.

#12 – மாவாட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இட்லி தோசை மாவுக் கடைக்கும் இதே முறைதானா? "வீட்டு முறையில் தயாரித்த ஹோம்மேட் மாவு" என்று எழுதியிருக்கிறேன். கடையில் 2 கமர்ஷியல் கிரைண்டர்.

#13 – நாலாம்_ஷரத்து

கடையில் அரைத்தால் "ஹோம்மேட்" வேண்டாம். அந்தச் சொல் வீட்டில் செய்ததற்கே பொருந்தும்.

#14 – எழுத்தாணி

மாவு வாங்குகிறவர் கேட்பது வேறு. எத்தனை மணிக்குப் புது மாவு வரும், இன்றைக்கு அரைத்ததா நேற்றையதா, புளித்ததா புளிக்காததா, சோடா உப்பு உண்டா, இட்லிக்கும் தோசைக்கும் தனி மாவா, பிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும். "காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அரைத்த மாவு, சோடா சேர்ப்பதில்லை, 1 கிலோ பையில் ஏறக்குறைய இத்தனை இட்லி வரும்" என்ற மாதிரி எழுதுங்கள். அந்த இட்லி எண்ணிக்கையை உங்கள் மாவில், வீட்டு இட்லித் தட்டில் ஊற்றிப் பார்த்து எழுதுங்கள், இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். சோடா சேர்ப்பதில்லை என்று எழுதினால் வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் அதுவே உண்மையாக இருக்க வேண்டும்.

#15 – செக்கடி_காங்கேயம்

ரொம்ப நன்றிங்க. திருத்தங்களைச் சேர்த்துவிட்டேன். வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாவுக்கும் இதையே சுருக்கிப் போடலாமா? இன்னொன்று, பேங்கில் லோன் கேட்டிருக்கிறோம், இன்னும் ரெண்டு செக்கு போட. அங்கேயும் "தொழில் விவரம்" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். கூகுளில் போட்டதையே கொடுத்தால் ஆகுமா?

#16 – எழுத்தாணி

சுருக்கிப் போட்டால் சரிவராது, ஏனென்றால் படிப்பவர் வேறு நிலையில் இருக்கிறார். கூகுளில் பார்க்கிறவர் எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்கிறார். வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பரைத் திறந்தவர் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, எப்படி வாங்குவது என்று பார்க்கிறார். வாட்ஸ்அப் பிசினஸில் 512 எழுத்து. இப்படி:

"ஆர்டருக்கு: எண்ணெய் வகை, எத்தனை லிட்டர், முகவரி மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். விலைப்பட்டியல் கேட்டலாக்கில் உள்ளது. மதியம் 12 மணிக்குள் வரும் ஆர்டர் அன்று மாலை வீட்டுக்கு வரும் (காங்கேயம் ஊருக்குள், 5 லிட்டர் முதல்). வெளியூருக்குப் பார்சல், கட்டணம் தனி. கூலிக்கு ஆட்ட: முந்தைய நாள் மாலைக்குள் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், குறைந்தது 12 கிலோ. பருப்பைக் காயவைத்து, கல் நீக்கிக் கொண்டுவரவும்."

12 மணி, வெளியூர்ப் பார்சல் இரண்டும் நான் மாதிரிக்கு வைத்தவை. உங்களால் முடிவதை எழுதுங்கள். முடியாததை எழுதினால் அன்றே திட்டு விழும்.

இன்ஸ்டாகிராமில் 150 எழுத்துதான், தமிழில் 16 சொல்லுக்கு மேல் போகாது. "மரச்செக்கு எண்ணெய் | காங்கேயம். நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய். கூலிக்கும் ஆட்டுவோம். ஆர்டர்: கீழே வாட்ஸ்அப்." அவ்வளவுதான். எஸ்எம்எஸ் அனுப்பும் எண்ணம் இருந்தால் அது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற ஒரு செய்தியில் தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் 70தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம்.

#17 – கசடு

"பருப்பைக் காயவைத்து, கல் நீக்கி" என்று எழுதினீர்களே, அந்த வரி தங்கம். ஈரக் கடலையைக் கொண்டுவந்து, எண்ணெய் குறைவாக வந்ததற்குச் செக்குக்காரனைக் குறைசொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதோடு இன்னொன்றும் சேருங்கள்: "1 லிட்டருக்குக் கடலைப் பருப்பு ஏறக்குறைய இரண்டரை கிலோ பிடிக்கும், பருப்பின் தரத்தைப் பொறுத்து மாறும்." இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்தால் 12 கிலோ கொண்டுவந்தவர் 7 லிட்டர் எதிர்பார்க்க மாட்டார், ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று தெரிந்தே வருவார்.

#18 – நாலாம்_ஷரத்து

பேங்குக்குக் கூகுள் குறிப்பைக் கொடுக்காதீர்கள். மேலாளர் எண்ணெய் வாங்க வரவில்லை. கடன் திரும்பி வருமா என்று பார்க்கிறார். அவருக்குக் கருப்பட்டியும் வேண்டாம், நின்று பார்ப்பதும் வேண்டாம். அவருக்கு வேண்டியது திறன், மகசூல், விற்பனை, கொள்முதல்.

கடலைக்கு மட்டும் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு செக்கில் ஒரு ஆட்டுக்கு 12 கிலோ. இரண்டு செக்கும் சேர்ந்து நாளைக்கு 8 ஆட்டு என்றால் 96 கிலோ பருப்பு. லிட்டருக்கு 2.5 கிலோ என்றால் 38 லிட்டர், அதாவது சுமார் 35 கிலோ எண்ணெய். மிச்சம் 61 கிலோவில் ஈரம், கசடு, சிதறல் கழித்து 58 கிலோ புண்ணாக்கு என்று வைக்கலாம். புண்ணாக்கு வரவை எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம். எழுதாவிட்டால் லாபக் கணக்கு நஷ்டக் கணக்காகத் தெரியும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: தொழில் எங்கே, எந்த ஆண்டு முதல், யார் பெயரில், உத்யம் (சிறு தொழில்) பதிவு எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், இருந்தால் ஜிஎஸ்டி, இப்போதுள்ள இயந்திரம், குதிரைத்திறன், மின் இணைப்பு, நாளுக்கு எத்தனை கிலோ ஆட்ட முடியும், உண்மையில் எத்தனை ஆட்டுகிறீர்கள், இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி. கடைசியாகச் சொன்னதில்தான் விண்ணப்பங்கள் விழுகின்றன. இருக்கும் இரண்டு செக்கே பாதி நேரம் சும்மா நின்றால், இன்னும் இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். சீசனில் கூலி ஆட்டை எத்தனை நாள் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு பதிவேடு இருந்தால் அதுதான் பதில்.

உத்யம் பதிவில் தேர்ந்தெடுத்த 5 இலக்க என்ஐசி (தொழில் வகை) குறியீடு உற்பத்தியைக் குறிப்பதா, சில்லறை வியாபாரத்தையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "எண்ணெய் உற்பத்தி" என்று கடிதத்தில் எழுதிவிட்டு, பதிவில் வியாபாரம் என்று இருந்தால் அதைச் சரிசெய்து வரச்சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். உணவு பதப்படுத்தும் சிறு தொழிலுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் (2020இல் தொடங்கியது) தகுதியான திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் மானியம் என்று விதி. அது இப்போதும் உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பாருங்கள். அந்த விண்ணப்பத்துக்கும் இதே பக்கம் உதவும்.

#19 – விளம்பரப்பலகை

கடை வாசல் போர்டையும் விட்டுவிடாதீர்கள். நாலு வாக்கியம் எழுதிய கையோடு அத்தனையையும் போர்டில் ஏற்றிவிடுவார்கள். சென்னிமலை ரோட்டில் பைக்கில் போகிறவர் படிப்பது மூன்று துண்டுதான்: பெயர், "மரச்செக்கு எண்ணெய்", "கூலிக்கு ஆட்டப்படும்". மூன்றாவது துண்டை இரண்டாவதற்குச் சமமான அளவில் எழுதுங்கள். எண்ணெய்க் கடை எங்கும் இருக்கிறது, கூலிக்கு ஆட்டும் இடம் குறைவு. வெள்ளையில் மஞ்சள் எழுத்து வேண்டாம், வெயிலில் தெரியாது.

#20 – செக்கடி_காங்கேயம்

கூகுளில் போட்டுவிட்டேன். "திருத்தம் பரிசீலனையில்" என்று காட்டுகிறது. கூடவே கடைப் பெயரில் பழைய எழுத்துப்பிழை, முகவரியில் கதவு எண், வகை எல்லாவற்றையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?

#21 – எழுத்தாணி

வேண்டாம். குறிப்பு மட்டும் முதலில் ஏறட்டும், சில நாள் ஆகலாம். பிறகு வகை. பெயரையும் முகவரியையும் கடைசியில், ஒவ்வொன்றாக. மூன்று நாலு முக்கிய விவரம் ஒரே நாளில் மாறினால் கடை கைமாறிவிட்டதோ என்று மறுபடி சரிபார்ப்பு கேட்கக்கூடும். அப்போது போர்டு, தெரு, கடைக்குள் செக்கு ஓடுவது எல்லாம் தெரிகிற மாதிரி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்வார்கள். போர்டில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். போர்டு மாற்றப் போகிறீர்கள் என்றால் பெயர்த் திருத்தத்தைப் புதுப் போர்டு மாட்டிய பிறகு செய்யுங்கள்.